வெறும் சத்தம்தானா?

2023 டிசம்பர் 29 அன்று கோயம்பேட்டில் விஜயகாந்தின் உடல் அடக்கம் செய்யப்பட்டபோது 72 குண்டுகள் முழங்க அரசு மரியாதை தந்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2020 செப்டம்பர் 26 அன்று, எங்கள் பக்கத்துத் தாமரைப்பாக்கம் பண்ணை வீட்டில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் அடக்கம் செய்யப்பட்டபோதும் அதே போலக் காவல்துறையின் துப்பாக்கி முழக்கம். இரண்டு நாளும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த வீடுகளில் யாராவது ஒருவர் கேட்டிருப்பார்: “வானத்தைப் பாத்துச் சுடுறாங்களே, அந்தக் குண்டெல்லாம் எங்க போய் விழும்?”

எங்கேயும் விழாது. அவை வெற்றுத் தோட்டாக்கள். சீருடைக்காரர்கள் ‘பிளாங்க்’ என்பார்கள். மருந்து உண்டு, குண்டு கிடையாது. கேள்விக்கு இது சரியான பதில்தான். ஆனால் பெரும்பாலானோர் அதன் வாலில் ஒரு வரியைச் சேர்த்துவிடுகிறார்கள்: “குண்டே இல்ல, வெறும் சத்தம்தான், ஒண்ணும் ஆகாது.” இந்தக் கட்டுரை அந்த வாலைப் பற்றியது.

பட்டாபிராமில் உட்கார்ந்து இதை எழுத ஒரு காரணம் உண்டு. இந்த ஊருக்கு வரும் மின்சார ரயிலின் நெற்றியிலேயே ‘மிலிட்டரி சைடிங்’ என்று எழுதியிருக்கும். ஒரு பக்கம் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, ராணுவ உடைத் தொழிற்சாலை, சி.ஆர்.பி.எஃப். பயிற்சி மையம், சிறப்புக் காவல் படையின் பட்டாலியன்கள். இன்னொரு பக்கம் முத்தாபுதுப்பேட்டையில் விமானப்படை. தெருவுக்கு நான்கு வீட்டில் சீருடை காயும் ஊர் இது. இங்கேயே அந்தக் கடைசி வரியை நம்புகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்றால் மற்ற ஊர்களைச் சொல்ல வேண்டியதில்லை.

“குண்டு இல்லாவிட்டால் ஆபத்தும் இல்லை”

வெற்றுத் தோட்டா ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தால் பித்தளை உறை, அடியில் வட்டமான பிரைமர், எல்லாம் சாதாரணத் தோட்டாவைப் போலவே இருக்கும். குண்டு உட்கார வேண்டிய வாய் மட்டும் மல்லிகை மொட்டின் நுனி போல ஐந்தாறு மடிப்பாக மடித்து மூடப்பட்டிருக்கும். சில வகைகளில் மடிப்புக்குப் பதில் அட்டை, மெழுகு அல்லது பிளாஸ்டிக் அடைப்பு வைப்பதுண்டு. சாதாரணத் தோட்டாவில் மருந்து எரியும்போது குண்டின் எடை முன்னால் தடையாக நிற்கும். அந்தத் தடையே எரிதலைச் சீராக்கும். வெற்றுத் தோட்டாவில் அந்தத் தடை இல்லாததால் வேகமாக எரியும் மருந்தைத் தேர்ந்தெடுத்துப் போடுகிறார்கள். அப்படிச் செய்தால்தான் சத்தம் வரும்.

எரிந்த மருந்து வாயுவாகி எங்கே போகும்? குழல் வழியாக வெளியே. கூடவே எரியாத மருந்துத் துகள், அடைப்பின் துண்டு, குழலில் இருந்த அழுக்கு எல்லாம் போகும். முனையிலிருந்து சில மீட்டர் தள்ளி நின்றால் அந்த வேகம் காற்றில் கரைந்துவிடும். முனையைத் தொட்டுக்கொண்டு நின்றால் கரைய இடமில்லை.

1984 அக்டோபர் 12 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர் ஜான்-எரிக் ஹெக்ஸம் படப்பிடிப்பின் இடைவேளையில், வெற்றுத் தோட்டா போட்ட ரிவால்வரை விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்து விசையை இழுத்தார். குண்டு இல்லை. வாயுவின் அழுத்தமும் அடைப்பும் சேர்ந்து மண்டை எலும்பை உடைத்து அதன் துண்டை மூளைக்குள் தள்ளின. ஆறு நாள் கழித்து மூளைச்சாவு என்று மருத்துவர்கள் அறிவித்தார்கள். அவருக்கு வயது 26.

‘வெறும் காற்று’ என்று இதைச் சொல்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. வெள்ளையர் காலத்து .303 ரைஃபிளின் முனையில் ஒரு இரும்புக் கிண்ணத்தை மாட்டி, அதில் கையெறி குண்டை வைத்துச் சுடுவார்கள். அதற்குப் போடுவது குண்டில்லாத தோட்டாதான். மரியாதைக்குச் சுடுவதைவிட வீரியமான மருந்து என்பது உண்மை. ஆனாலும் குண்டு கிடையாது. 700 கிராமுக்கு மேல் எடையுள்ள மில்ஸ் கையெறி குண்டை வெறும் வாயு எண்பது கெஜத்துக்கு அப்பால் தூக்கிப் போட்டது. அந்த வாயுவுக்கு எதிரே முகத்தைக் கொண்டுபோவது பற்றி நான் மேலே சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு மனிதரை நோக்கி எவ்வளவு தூரத்துக்குள் வெற்றுத் தோட்டா சுடக்கூடாது என்று ஒவ்வொரு படையும் ஒரு கணக்கு வைத்திருக்கும். அமெரிக்க ராணுவத்தின் எம்-16 வகைத் துப்பாக்கிக்கு அது 20 அடி, அதாவது ஏறக்குறைய 6 மீட்டர். துப்பாக்கி, தோட்டா, முனையில் மாட்டும் கருவி ஆகியவற்றைப் பொறுத்து இந்த எண் மாறும். பூஜ்யம் என்று எந்தப் படையும் சொல்வதில்லை.

“முனையில் மாட்டும் இரும்பு, பாதுகாப்புக்காக வைத்த மூடி”

பயிற்சியில் துப்பாக்கி முனையில் சிவப்பு அல்லது மஞ்சள் வண்ணமடித்த ஒரு சிறு கருவியைப் பார்த்திருப்பீர்கள். பிளாங்க் ஃபயரிங் அட்டாச்மென்ட். சுருக்கமாக பி.எஃப்.ஏ. பார்ப்பதற்கு மூடி போல இருப்பதால் அது குண்டைத் தடுக்க வைத்தது என்று நினைப்பது இயல்பு. அது அதற்காகப் பிறந்ததில்லை. துப்பாக்கியை ஓட வைக்கப் பிறந்தது.

எஸ்.எல்.ஆர்., இன்சாஸ், ஏ.கே. வகை, திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் திருச்சி அசால்ட் ரைஃபிள் என்று இன்று நம் படைகளின் கையிலிருக்கும் பெரும்பாலான ரைஃபிள்கள் வாயுவால் இயங்குபவை. குழலில் பாதி வழியில் ஒரு சிறு துளை இருக்கும். குண்டு அந்தத் துளையைத் தாண்டி முனையை நோக்கி ஓடும்போது பின்னால் அடைபட்டு நிற்கும் வாயுவில் கொஞ்சம் அந்தத் துளை வழியாகப் போய் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் போல்ட்டைத் தள்ளும். காலி உறை வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். இத்தனையும் நடப்பது குண்டு குழலை அடைத்துக்கொண்டிருக்கும் அந்த நொடியின் சிறு பின்னத்தில்.

குண்டே இல்லை என்றால் அடைப்பதற்கு எதுவும் இல்லை. வாயு நேராக முனை வழியாகப் போய்விடும். பிஸ்டன் அசையாது. அரசு மரியாதையின்போது டி.வி.யில் கவனித்துப் பாருங்கள்: ஒரு முழக்கத்துக்கும் அடுத்த முழக்கத்துக்கும் நடுவே காவலர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கையால் காக் செய்வார்கள், அந்த ‘சடக்’ சத்தம் மைக்கில் கேட்கும். பழைய .303 என்றால் எப்போதுமே கைதான். தானாக ஓடும் ரைஃபிளுக்கும் அங்கே கை தேவைப்படுவது முனையில் பி.எஃப்.ஏ. இல்லாததால்.

போர்ப் பயிற்சியில் அப்படி ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருக்க முடியாது. அங்கே முனையில் ஒரு சிறு துளை மட்டும் விட்டு மற்றதை அடைக்கும் கருவியை மாட்டுகிறார்கள். வாயு முழுவதும் உடனே தப்பிக்க முடியாமல் உள்ளே அழுத்தம் ஏறும், பிஸ்டன் அசையும், துப்பாக்கி உண்மையைப் போலவே ஓடும். வெளியே பாயும் வாயுவின் வீரியத்தைக் குறைப்பதும் துகள்களைப் பிடித்து வைப்பதும் இதோடு கூட வரும் லாபங்கள். ஆனால் ஒரு குழலின் வாயை வேண்டுமென்றே அடைத்துவிட்டுச் சுடுகிறோம் என்பதை இந்த லாபம் மறைத்துவிடக் கூடாது. அடைபட்ட குழலில் சுடாதே என்பது துப்பாக்கி பிடித்தவர் கற்கும் முதல் பாடங்களில் ஒன்று. அந்தப் பாடத்துக்கு விதிவிலக்கு வாங்கித் தருவது சோதனை மட்டுமே.

“தப்பித்தவறி லைவ் ரவுண்டு வந்தாலும் அது தடுத்துவிடும்”

இதுதான் எனக்குப் பெரிய பயம் தரும் நம்பிக்கை. எங்கள் தெருவில் சி.ஆர்.பி.எஃப்.பில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். டீக்கடையில் ஒரு பையன் அவரிடம், “பிளாங்க்தானேண்ணே, என்ன ஆயிடப் போவுது?” என்றான். அவர் டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டார்: “பிளாங்க்னு யார் சொன்னா? நீ பாத்தியா?”

பெட்டியில் எழுதியிருப்பதை நம்பித்தான் விபத்துகள் நடக்கின்றன. 2016 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் புண்டா கோர்டா நகரப் போலீஸ், பொதுமக்களுக்கு ஒரு செயல்விளக்கம் நடத்தியது. எப்போது சுட வேண்டும், எப்போது கூடாது என்பதைக் காட்டும் நிகழ்ச்சி. வந்திருந்தவர்களில் 73 வயதான ஓய்வுபெற்ற நூலகர் ஒருவரை முன்னால் அழைத்தார்கள். போலீஸ்காரர் வெற்றுத் தோட்டா என்று நம்பிச் சுட்டார். ரிவால்வரில் இருந்தவை நிஜத் தோட்டாக்கள். எல்லோர் முன்னாலும் சுடப்பட்ட அந்த அம்மாள் இறந்துபோனார்.

அது ரிவால்வர், முனையில் எதுவும் இல்லை. பி.எஃப்.ஏ. மாட்டிய ரைஃபிளில் லைவ் ரவுண்டு சுட்டால் என்ன நடக்கும்? 5.56 மி.மீ. குண்டு ஒன்றின் எடை ஏறக்குறைய 4 கிராம், வேகம் நொடிக்கு 900 மீட்டருக்குப் பக்கம். முனையில் இருப்பதோ குண்டைவிடச் சிறிய துளை கொண்ட எஃகு. குண்டு அதை மோதும். பழைய வகைக் கருவிகளில் நடப்பது மூன்றில் ஒன்று, அல்லது மூன்றும் சேர்ந்து: கருவி பிய்த்துக்கொண்டு தானே ஒரு குண்டாகப் பறக்கும், அல்லது சிதறும், அல்லது குழலின் முனை பிளக்கும். சுட்டவருக்கும் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் எதிரே நிற்பவருக்கும் ஒரே ஆபத்து. ‘தடுத்துவிடும்’ என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை.

இதனால் இன்று சில தயாரிப்பாளர்கள் நிஜக் குண்டு ஒன்று வந்தாலும் அதை உள்ளேயே சிறைபிடித்து நிறுத்தும்படியான கருவிகளைச் செய்கிறார்கள். கனமான எஃகு உடல், உள்ளே குண்டு நசுங்க இடம், வாயு பக்கவாட்டில் வெளியேறத் துளைகள். இப்படி ஒரு குண்டைப் பிடித்த கருவி அதோடு ஓய்வு பெறும். துப்பாக்கியும் முழுப் பரிசோதனைக்குப் போகும். உங்கள் கையில் இருப்பது இந்த வகையா, பழைய வகையா என்பது பார்வைக்குத் தெரியாது. சோதனைச் சான்றில் தெரியும்.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘பத்து ரவுண்டு சுட்டுப் பார்த்தோம், நல்லா ஓடுது’ என்பதையே சோதனை என்று நினைக்கிறவர்கள் உண்டு. நல்லா ஓடுவது வேறு, பாதுகாப்பாக இருப்பது வேறு.

முதலில் அழுத்தம். சோதனைக் குழலின் பக்கவாட்டில் உணரியைப் பதித்து, ஒவ்வொரு முறை சுடும்போதும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கோடாக வரைந்து பார்ப்பார்கள். நேட்டோ கணக்கில் 5.56 நிஜத் தோட்டாவின் அழுத்தம் 430 மெகாபாஸ்கல் வரை போகலாம். வளிமண்டல அழுத்தத்தைப் போல 4,000 மடங்குக்கும் மேல். வெற்றுத் தோட்டாவின் உச்சம் இதைவிடக் குறைவு. ஆனால் அது வந்து அடிக்கும் இடம் வேறு. நிஜத் தோட்டாவில் பெரும் அழுத்தம் தடித்த அறைப் பக்கம் இருக்கும், முனையில் குறைந்துவிடும். பி.எஃப்.ஏ. மாட்டினால், மெலிந்த முனைப் பக்கமும் அதன் திருகும் வழக்கத்துக்கு மாறான சுமையைத் தாங்க வேண்டும்.

அடுத்தது வெப்பம். அதே மருந்து குளிரில் மந்தமாகவும் சூட்டில் வேகமாகவும் எரியும். நேட்டோ நாடுகள் தோட்டாக்களை மைனஸ் 54 டிகிரியிலும் 21 டிகிரியிலும் 52 டிகிரியிலும் ஊறவைத்துச் சுட்டுப் பார்க்கின்றன. 52 டிகிரி அதிகம் என்று தோன்றினால், மே மாதம் நடுப்பகலில் ஆவடி செக்போஸ்ட் பக்கம் பூட்டி நிறுத்திய ஜீப்பின் உள்ளே கையை வைத்துப் பாருங்கள்.

பிறகு, முனையைச் சுற்றிப் பல தூரங்களில் காகிதத் தாள்களை நிறுத்திச் சுடுவார்கள். கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும் பித்தளைத் துணுக்கும் எரியாத மருந்தும் தாளில் ஓட்டை போட்டுக் காட்டிக் கொடுக்கும். எந்தத் தூரத்துத் தாள் ஓட்டை இல்லாமல் தப்பிக்கிறதோ, அதற்கு மேலும் ஒரு தாராளம் சேர்த்துத்தான் ‘இதற்குள் மனிதர் இருக்கக் கூடாது’ என்ற எல்லையை வகுக்க வேண்டும். வாயு பக்கவாட்டில் பிரியும் கருவி என்றால் முன்னால் உள்ள தாளைவிடப் பக்கத்துத் தாள்தான் முக்கியம். பக்கத்துச் சிப்பாய் அங்கேதான் படுத்திருப்பார்.

அதன் பிறகு ஆயுள். ஆயிரக்கணக்கில் சுட்டு, நடுநடுவே கருவியைக் கழற்றி அளப்பார்கள். சிறு துளை அரித்துப் பெரிதாகியிருக்கிறதா, கரி படிந்து சிறிதாகியிருக்கிறதா? பெரிதானால் துப்பாக்கி பாதியில் நின்று போகும். சிறிதானால் அழுத்தம் ஏறும், எதையும் காட்டிக்கொள்ளாமல். இதற்குத் தேவைப்படுவது அம்பத்தூரில் எந்த மெஷின் ஷாப்பில் வேலை பார்த்தவருக்கும் பழக்கமான கோ–நோகோ கேஜ்தான். ஒரு முனை நுழைய வேண்டும், மறு முனை நுழையக் கூடாது. மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கச் சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தூவிப் பார்க்கும் முறையும் அவர்களுக்குத் தெரிந்ததே.

கடைசியாக, வேண்டுமென்றே நிஜத் தோட்டா. துப்பாக்கியை இரும்புச் சட்டத்தில் இறுக்கி, தடுப்புச் சுவருக்குப் பின்னால் இருந்து கயிற்றால் விசையை இழுப்பார்கள். அதிவேக கேமரா ஓடும். சுற்றிலும் தாள். கருவி எங்கே போகிறது, எத்தனை துண்டாகிறது, சுடுபவரின் முகம் இருக்க வேண்டிய இடத்துக்கு ஏதாவது வருகிறதா என்று பார்ப்பார்கள். என் கருத்தில் மற்ற எல்லாச் சோதனைகளையும்விட இதுவே முக்கியம். லைவ் ரவுண்டு வராது என்ற நம்பிக்கையில் ஒரு கருவியைப் படைக்குத் தருவது சோதனை ஆகாது. என்றாவது ஒருநாள், தூக்கம் கெட்ட ஒரு விடியற்காலையில், ஒரு மேகசினில் ஒன்றே ஒன்று வந்துவிடும் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

“அளவு தெரிந்தால் லேத்தில் கடைந்துகொள்ளலாம்”

சினிமா, நாடகம், குறும்படக்காரர்களிடம் இது அதிகம். பூந்தமல்லிப் பக்கம் படப்பிடிப்புத் தளங்கள், அம்பத்தூர்ப் பக்கம் லேத்துகள். ஆசை வருவது இயல்பு. நம் கடைசல்காரர்களின் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. உருவத்தை அச்சு மாறாமல் எடுத்துவிடுவார்கள். ஆனால் எந்த எஃகு, எத்தனை டிகிரியில் பதப்படுத்தியது, எந்தத் தோட்டாவுக்கு எந்தத் துளை என்பது உருவத்தில் இல்லை. அதே துப்பாக்கிக்கே தோட்டாத் தயாரிப்பாளர் மாறினால் துளையின் கணக்கு மாறலாம். சட்டம் தனி: உரிமம் இல்லாமல் துப்பாக்கியின் பாகங்களைச் செய்வது ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும். கணினியில் தீப்பொறியைச் சேர்க்கத் தெரிந்த காலத்தில் இந்த வம்பு எதற்கு என்பதே என் கேள்வி.

“குழலில் வேறு எதுவும் இருக்காது”

1993 மார்ச் 31 அன்று, புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ ‘தி க்ரோ’ படத்தின் படப்பிடிப்பில் இறந்தார். அவரைச் சுட்ட ரிவால்வரில் அந்த நேரம் இருந்தது வெற்றுத் தோட்டாதான். இறப்புக்குக் காரணமோ குண்டு. முந்தைய ஒரு காட்சிக்காக, பார்க்க நிஜம் போல இருக்க வேண்டும் என்று நிஜத் தோட்டாவின் மருந்தை மட்டும் எடுத்துவிட்டு, குண்டைத் திரும்பச் செருகியிருந்தார்கள். அடியில் இருந்த பிரைமரை எடுக்கவில்லை. அந்தப் பிரைமரின் சின்ன வெடிப்பு குண்டைக் குழலுக்குள் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்திவிட்டது. யாரும் குழலைப் பார்க்கவில்லை. அடுத்து அதே ரிவால்வரில் வெற்றுத் தோட்டா போட்டார்கள். அதன் வாயு, வழியில் நின்ற குண்டை ஏறக்குறைய நிஜ வேகத்தில் தள்ளிக்கொண்டு போனது.

இரண்டு பாதுகாப்பான பொருள்கள் சேர்ந்து ஒரு கொலைக் கருவி ஆனது என்று இதைச் சொல்லலாம். பி.எஃப்.ஏ. மாட்டும் ரைஃபிளுக்கு இது இன்னும் பொருந்தும். முனையை ஒருமுறை மூடிவிட்டால் பிறகு குழலுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. அதனால் மாட்டுவதற்கு முன்பு ஒருமுறை, கழற்றிய பிறகு ஒருமுறை, குழல் வழியாகக் கம்பி போய் வர வேண்டும். என்.சி.சி.யில் இருந்த பிள்ளைகளைக் கேளுங்கள். ‘ஜாஞ்ச் சஸ்த்ர்’ என்ற கட்டளை வந்ததும் துப்பாக்கியைத் திறந்து காட்டியது நினைவிருக்கும். வெயிலில் நின்று சலித்துப்போய்ச் செய்த அந்த வேலையின் அர்த்தம் இதுதான்.

மரக் குண்டு

1944இல் நார்மண்டியில் இறங்கிய நேச நாட்டுப் படைகள் ஜெர்மானியர்களிடமிருந்து சிவப்பு வண்ணத்து மரக் குண்டு போட்ட தோட்டாக்களைக் கைப்பற்றின. உடனே ஒரு வதந்தி கிளம்பியது: எக்ஸ்ரேயில் தெரியாமல் உடம்பில் தங்கிச் சீழ்பிடிக்க வைக்கத் திட்டமிட்டுச் செய்தவை என்று. உண்மையில் அவை பயிற்சித் தோட்டாக்கள். உள்ளே துளையிட்ட மரக்குண்டு. தோட்டாவைத் துப்பாக்கி இடறாமல் உள்ளே வாங்க அந்த வடிவம் உதவும், சுட்டதும் அது முனைக்குப் பக்கத்திலேயே நொறுங்கிவிடும். சுவீடன் பின்னாளில் தன் ரைஃபிள்களின் முனையில், அப்படி வரும் மென்குண்டை அரைத்துத் தூளாக்கும் கருவியையே மாட்டியது. சதி என்பது கதை. ஆனால் பக்கத்தில் நின்றவருக்கு மரச் சில்லு காயம் தரும் என்பது கதையில்லை.

“கூட்டத்தை மிரட்ட வெற்றுத் தோட்டா நல்லது”

மனிதாபிமானமாகத் தோன்றும் யோசனை. ஆனால் கலவரத்தை அடக்கப் போகும் போலீஸுக்கு வெற்றுத் தோட்டா தரக் கூடாது என்று வெள்ளையர் காலத்திலிருந்தே பல மாகாணப் போலீஸ் விதிகள் சொல்லி வந்திருக்கின்றன. காரணம் எளிது. முதல் சத்தத்தில் யாரும் விழவில்லை என்றால், எல்லாச் சத்தமும் பொய்ச் சத்தம் என்று கூட்டம் நினைத்துவிடும்.

1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் வேட்டு கிளம்பியதும், வெற்றுத் தோட்டாதான், பயப்படாதீர்கள் என்று கூட்டத்துக்குள் குரல் எழுந்ததாக உயிர் தப்பியவர்களின் சாட்சியங்களில் இருக்கிறது. பிரிட்டிஷ் தளபதி டயரின் படை சுட்டது 1,650 ரவுண்டு. அரசு ஒப்புக்கொண்ட சாவு 379. இந்திய தேசியக் காங்கிரஸ் சொன்ன எண்ணிக்கை ஏறக்குறைய ஆயிரம்.

அந்தப் பக்கம் அப்படி என்றால், கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுகிறவர்களும் ‘சத்தத்துக்குத்தான்’ என்பார்கள். அது பெரும்பாலும் வெற்றுத் தோட்டா இல்லை. மேலே போன குண்டு கீழே வந்தே தீரும். 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி கொண்டாட்டத்துக்குச் சுடுவதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நிஜக் குண்டு கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கத்துப் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு, வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாளில் பிள்ளை போய்விட்டான்.

“வெடிக்கவில்லை, அப்படியானால் செத்த தோட்டா”

2019 ஆகஸ்டில் பீகாரின் முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கில், முதல்வர் நிதிஷ் குமார் பார்த்துக்கொண்டிருக்க, 22 துப்பாக்கிகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. நாடே சிரித்தது. சிரிப்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விசையை இழுத்து வெடிக்காத தோட்டா செத்ததாகவும் இருக்கலாம், தாமதமாக வெடிக்கப் போவதாகவும் இருக்கலாம். அதனால்தான் முனையைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்து, பிறகு திறக்கச் சொல்கிறார்கள். ‘என்னாச்சு’ என்று முனையைத் தன் பக்கம் திருப்பிப் பார்ப்பது கையிலிருக்கும் வெற்றுத் தோட்டாவை ஹெக்ஸத்தின் தோட்டாவாக்கும்.

காது

சத்தம்தானே என்றவர்களுக்கு அந்தச் சத்தமே பதில் சொல்லும். திடீர் ஒலிக்கு 140 டெசிபல் என்பதைக் காது தாங்கும் எல்லையாக வைத்திருக்கிறார்கள். ரைஃபிளில் வெற்றுத் தோட்டா சுடும்போது, சுடுபவரின் காதருகே அந்த எல்லை சுலபமாகத் தாண்டும். வாயு பக்கவாட்டில் பிரியும் பி.எஃப்.ஏ. இருந்தால் பக்கத்தில் இருப்பவரின் காதுக்குக் கூடுதல் அடி. நிஜத் தோட்டா சுடும் தளத்தில் காதடைப்பு கேட்டு வாங்குகிறவர்கள் வெற்றுத் தோட்டாப் பயிற்சியில் அதை மறந்துவிடுவதைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். போன கேட்கும் திறன் திரும்பாது.

வண்ணத்தைப் பற்றியும் ஒரு வரி. அமெரிக்காவில் எம்-16க்கு மாட்டுவது சிவப்பு, எம்-4க்கு மாட்டுவது மஞ்சள். பிரிட்டனில் மஞ்சள். வண்ணம் சொல்வது, ‘இந்தத் துப்பாக்கியில் கருவி மாட்டியிருக்கிறது’ என்பதை மட்டும். மேகசினில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பயிற்சிக்குப் போகும் முன் ஒவ்வொரு மேகசினையும் கொட்டி, ஒவ்வொரு தோட்டாவின் வாயையும் விரலால் தடவி, இன்னொருவர் மறுபடி எண்ணிக் கையெழுத்துப் போடுவதற்கு இணையான கருவி இன்னும் வரவில்லை.

பிள்ளைகளை என்.சி.சி.க்கோ காவலர் தேர்வுக்கோ அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மரியாதை முழக்கம் முடிந்த இடத்தில் பித்தளை உறைகளைப் பொறுக்குவதில் பிள்ளைகளுக்கு ஆசை அதிகம். அந்தக் குவியலில் வெடிக்காத ஒன்றும் கிடக்கலாம். வாய் மடிந்தபடியே இருக்கும் தோட்டா கையில் வந்தால் சுத்தியால் தட்டவோ அடுப்புப் பக்கம் வைக்கவோ விடாதீர்கள். அங்கே நிற்கும் காவலரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் அதைத் தொடாமல் வைத்துவிட்டு 112க்குப் போன் செய்யுங்கள்.